ரப்பர்ப் பூண்

பிசியோதெரபி கூடத்துக்குக் கீழே
ஜன்னல் இல்லாத அறை. அதில் என் மேசை.
ஊன்றுகோல் நாற்பத்தாறு ஜோடி, வாக்கர் பத்தொன்பது,
சக்கர நாற்காலி ஏழு. அதில் ஒன்று
எப்படித் தள்ளினாலும் இடப்பக்கமே போகும்,
பிடிவாதக்காரி.

வால்பரைசோவின் குன்றுகள் இங்கிருந்து தெரியாது.
ஆனால் எந்தத் தெரு எவ்வளவு செங்குத்து என்று
திரும்பிவரும் கோலின் அடியைப்
புரட்டிப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.
ரப்பர்ப் பூண் உள்விளிம்பில் தேய்ந்திருந்தால்
உடம்பு இன்னும் கோலை நம்பவில்லை.
பின்விளிம்பில் என்றால் இறக்கத்தைக் கண்டு பயம்.
தேயவே இல்லையென்றால்
துடைத்து, கொண்டுவந்தவரிடம் ஒன்றும் கேட்காமல்
அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

ரொசாமெல் ஒயார்சுன் மார்ச்சில் வந்தான்.
இருபத்திரண்டு வருடம் கேஸ் சிலிண்டர் சுமந்தவன்.
தோளில் ஒன்று, கையில் ஓர் இரும்புத் துண்டு,
டிங் டிங் என்று தட்டிக்கொண்டே ஏறுவான்,
எங்கள் தெருவிலும்தான். முகம் பார்த்ததில்லை.
சத்தத்தைத் தெரியும்.
இப்போது வலது முழங்காலுக்குக் கீழே
கால்சட்டையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான்.
"சர்க்கரை" என்றான்,
கடன்காரன் பெயரைச் சொல்வதுபோல.

வாக்கர் எண் பதினொன்று. கையெழுத்து.
"என்ன எடை இது?"
இரண்டரை கிலோ.
சிரித்துவிட்டான்.
பதினைந்து கிலோவைப் பச்சைப்பிள்ளைபோல் தூக்கியவனை
இரண்டரை கிலோ தூக்கிக்கொண்டு போயிற்று.

அவர்கள் தரைதான் என் கூரை. எல்லாம் கேட்கும்.
இரட்டைக் கம்பிக்கு நடுவே
செயற்கைக் கால் முதன்முதல் தரையைத் தொட்டபோது
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குகிற சத்தம்.
பிறகு விழுந்த சத்தம். பிறகு ஒரு கெட்டவார்த்தை.
பிறகு மிலேன்காவின் சிரிப்பு.
அவளுக்குக் கெட்டவார்த்தை பிடிக்கும்.
திட்ட மூச்சிருந்தால் நடக்கவும் இருக்குமாம்.

கூடத்தின் மூலையில் ஒரு மரப்படிக்கட்டு.
மூன்று படி ஏற்றம், மூன்று படி இறக்கம்,
நடுவே இரண்டு முழ மேடை. எங்கும் போகாது.
நல்ல கால் சொர்க்கத்துக்கு, கெட்ட கால் நரகத்துக்கு:
ஏறும்போது எது முந்தும், இறங்கும்போது எது முந்தும் என்பதற்கு
மிலேன்காவின் வாய்ப்பாடு.
மேடையில் நின்று ஒயார்சுன் கேட்டானாம்:
"என் வீட்டுக்கு நூற்று அறுபத்தெட்டு. மீதி எங்கே?"
எங்கள் குன்றின் லிஃப்ட் பழுதாகி மூன்று வருடம்.
அவள் என்ன சொல்வாள்?

அன்று மாலை கூரையில் அந்தக் கால்
ஏறிற்று, இறங்கிற்று, ஏறிற்று.
பதிவேட்டின் ஓரத்தில் கோடு போட்டேன்.
ஐம்பத்தாறு தடவை ஏறினால் வீடு வந்துவிடும்.
முப்பத்தொன்றில் நின்றது.
வெகுநேரம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை நான்.

ஆகஸ்டில் தவணை முடிந்தது. வாக்கர் வரவில்லை.
விதிப்படி ஒரு கடிதம். பதில் இல்லை.
இன்னொரு கடிதம், விதியில் இல்லாதது.
அக்டோபரில் அவன் தங்கை மகள் எதெல்மிரா
மழையில் நனைந்தபடி அதைக் கொண்டுவந்தாள்.
"மாமா கைத்தடிக்கு மாறிவிட்டார்."
வீட்டுக்கு ஏறிவிட்டாரா?
"இல்லை. வழியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துவிட்டார்.
கட்டிலும் அத்தையும் கீழே இறங்கி வந்தாயிற்று.
அத்தை இன்னும் பேசுவதில்லை."
எத்தனையாவது படி?
"தொண்ணூற்று மூன்று.
ஏன் அந்த இடமென்று எல்லாருமே கேட்கிறார்கள்."

நான் கேட்கவில்லை.
புரட்டிப் பார்த்தேன். நான்கு பூணில் இரண்டைக் காணோம்;
அந்த இடத்தில் கேஸ் குழாயை வெட்டிச் சொருகி,
கம்பியால் இறுக்கியிருந்தது. ஒழுங்கான வேலை.
முன்காலின் அலுமினியத்தில் மட்டும்
சின்னச் சின்னக் குழிகள், நெருக்கமாக, ஒரே உயரத்தில்.
விழுந்தால் இப்படி ஆகாது.
தேய்ந்தாலும் ஆகாது.

அவள் போனபிறகு
அறைச் சாவியால் அந்த இடத்தில் தட்டினேன்.

மேலே யாரோ நடப்பதை நிறுத்தினார்கள்.

சேதம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.